பாலத்தின் கீழே பாய்மரம்: இடைவெளியை அளந்தறியும் முறை

கொமரலிங்கத்தில் பாய்மரத் தோணி ஒன்றும் கிடையாது. அமராவதி பாறையும் மணல் திட்டும் அணைக்கட்டும் நிறைந்த ஆறு. அதில் பரிசல் மிதக்குமேயன்றிப் பாய் விரித்து ஓடும் தோணி செல்ல இயலாது. அவ்வாறிருக்க, பாலத்தின் கீழே பாய்மரம் தட்டாமல் செல்லும் வகையைப் பற்றி நமது சங்க அங்கத்தினர்களுக்கு எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே.

அதற்கு விடை இது. வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியை மின்சாரக் கம்பியின் கீழே ஓட்டுகிறவனும், உப்பு ஏற்றிய தோணியைப் பாலத்தின் கீழே செலுத்துகிறவனும் போடவேண்டிய கணக்கு ஒன்றே. மேலே ஒரு தடை. கீழே ஒரு தளம். நடுவில் நமது பாரம். தரையில் தளம் அசையாது நிற்பதால் கணக்கின் நுட்பம் நமக்குப் புலப்படுவதில்லை. தண்ணீரிலோ தளமே ஏறி இறங்குகிறது. ஆதலால் இந்தக் கணக்கைத் தண்ணீரில் கற்றுக்கொண்டவன் தரையில் பிழை செய்யமாட்டான். பிழை செய்தால் போவது பாரம் மட்டுமல்ல, சில சமயம் உயிரும் போகும்.

கால்வாய்ப் போக்குவரத்து

நமது மாகாணத்தில் தோணிப் போக்குவரத்துக்குப் பெயர்பெற்றிருந்தது பக்கிங்ஹாம் கால்வாய். சென்னைக்கு வடக்கே 1806-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய இக்கால்வாய் சிறிது சிறிதாக நீண்டு, வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரையில் சுமார் 420 கிலோமீட்டர் தூரம் கடற்கரையை ஒட்டிச் சென்றது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்தின்போது, ஏழைகளுக்குக் கூலி கிடைக்கும்பொருட்டு, சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்துக் கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கும் வழங்கலாயிற்று. உப்பும் விறகும் தானியமும் இவ்வழியே தோணிகளில் பட்டணம் வந்து சேர்ந்தன. காற்று அனுகூலமாயிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கழி ஊன்றியோ, கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தோ செல்வார்கள்.

இரயிலும் லாரியும் பெருகியபின் இப்போக்குவரத்து குன்றியது. 1960-களில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 1990-களில் சென்னை நகரில் பறக்கும் இரயில் பாதையின் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. 2008-ஆம் ஆண்டில் இக்கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. கால்வாய் என்றால் பாலம் உண்டு. பாலம் என்றால் அதன் கீழே செல்லும் தோணிக்காரனுக்குக் கவலையும் உண்டு.

இடைவெளி என்பது யாது?

பாலத்தின் உயரம் இவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதியிருந்தால், அதை மாறாத அளவு என்று பலர் எண்ணுகிறார்கள். இதுவே முதற்பிழை. பாலம் அசையாது, ஆனால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி நாள்தோறும் மாறும். நீர்மட்டம் ஒரு முழம் ஏறினால் இடைவெளி ஒரு முழம் குறைந்துவிடும்.

ஆகையால், பலகையிலுள்ள அளவைப் பார்த்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி, "எந்த நீர்மட்டத்திலிருந்து?" என்பதே. நம் நாட்டு உள்நாட்டு நீர்வழிகளுக்காக 2006-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. ஆறுகளில், போக்குவரத்துக்கென நிர்ணயித்த வெள்ள மட்டத்திலிருந்து அளக்கவேண்டும். கடல் ஓதம் ஏறும் கால்வாய்களில், மிக உயர்ந்த ஓத மட்டத்திலிருந்து அளக்கவேண்டும். மற்றக் கால்வாய்களில், முழுக்கொள்ளளவு மட்டத்திலிருந்து அளக்கவேண்டும். நமது ராஜவாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும்போது "முழு மட்டம்" என்று நாம் சொல்வது எதுவோ, அதுவே இந்தக் கடைசி மட்டம்.

இவ்விதிகளில் கவனிக்கத்தக்க விஷயங்கள் இன்னும் இரண்டு உண்டு. மிகச் சிறிய வகுப்பைச் சேர்ந்த கால்வாயில் பாலத்தின் கீழே இருக்கவேண்டிய இடைவெளி 4 மீட்டர் மட்டுமே. சரக்குப் படகுக்கு அது போதும், பாய்மரத்துக்குப் போதாது. மேலும், விதித்த இடைவெளி ஒவ்வொரு கண்ணின் அகலத்திலும் நடுவிலுள்ள முக்கால் பங்குக்கே உறுதி செய்யப்படுகிறது. தூணின் ஓரத்தில் அது குறைந்திருக்கலாம். வளைவுப் பாலமாயின் இவ்வேறுபாடு மிகவும் அதிகம். உச்சி உயரம் நட்ட நடுவில் மட்டுமே இருக்கும்; இரண்டு கஜம் விலகினால் பாய்மரத்தின் நுனி கல்லில் தட்டும்.

தோணியும் ஏறி இறங்கும்

நீர்மட்டம் ஒருபுறமிருக்க, தோணியின் உயரமும் நிலையானதன்று. பாரம் ஏற்றினால் தோணி தாழும், இறக்கினால் உயரும். எவ்வளவு என்பதை எளிதில் கணக்கிடலாம். 1 கன மீட்டர் தண்ணீர் 1 டன் எடையுள்ளது. 12 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள தோணி, முனைகள் குறுகியிருப்பதால், தண்ணீரின் மேல் சுமார் 22 சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொள்ளும். அதில் 1 டன் ஏற்றினால் சுமார் 4½ சென்டிமீட்டர் தாழும். 6½ டன் ஏற்றினால் சுமார் 30 சென்டிமீட்டர் தாழும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்களே.

ஒரு பாலத்தின் உத்திரம், கால்வாயின் முழு மட்டத்துக்கு மேலே 6.20 மீட்டரில் இருக்கிறது. தோணி காலியாயிருக்கும்போது பாய்மரத்தின் உயரம் தண்ணீரிலிருந்து 6.10 மீட்டர். அதன் நுனியில் கப்பியும் கொடிக்கழியும் சேர்ந்து 25 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 6.35 மீட்டர்.

போகும் நாள்: தோணியில் 6½ டன் உப்பு. தோணி 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதால் நுனியின் உயரம் 6.05 மீட்டர். அன்று தண்ணீர் முழு மட்டத்துக்கு 45 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே இடைவெளி 6.65 மீட்டர். மிச்சம் 60 சென்டிமீட்டர். தோணி சுகமாகச் சென்றது.

திரும்பும் நாள்: சரக்கை இறக்கியாயிற்று, நுனியின் உயரம் மறுபடியும் 6.35 மீட்டர். ஓதம் ஏறியிருப்பதால் தண்ணீர் முழு மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மட்டுமே கீழே இருக்கிறது. ஆகவே இடைவெளி 6.25 மீட்டர். 10 சென்டிமீட்டர் குறைவு.

அதே பாலம், அதே தோணி, அதே தோணிக்காரன். போகும்போது இடமிருந்தது; வரும்போது இல்லை. "போனவழி திரும்பலாம்" என்று நம்பியதே மோசம். பாரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணுவது மனித சுபாவம். பாலத்தின் கீழே அது தலைகீழாகிவிடுகிறது.

ஓதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 மீட்டர். கடலோடு தொடர்புள்ள கால்வாயில் செல்வோருக்கு இந்த ஒரு மீட்டர் சிறிய அளவன்று. கடற்காற்று பலமாக வீசினால் தண்ணீர் இன்னும் சிறிது ஏறும்.

கண் ஏமாற்றும் விதம்

கண்ணால் பார்த்தே இடைவெளியைச் சொல்லிவிடலாம் என்று அநேகர் நினைக்கிறார்கள். தோணியில் நின்று பார்க்கிறவனுக்கு, தூரத்திலுள்ள எந்தப் பாலமும் பாய்மரத்தை முறித்துவிடும்போலவே தோன்றும். காரணம் எளிது. மரம் அவன் அருகில் நிற்கிறது. பாலம் வெகுதூரத்தில் நிற்கிறது. அருகிலுள்ள குடை, தூரத்திலுள்ள கோபுரத்தை மறைப்பதில்லையா?

கண் தண்ணீருக்கு மேல் 1.5 மீட்டரிலும், மரத்தின் நுனி 6 மீட்டரிலும் இருப்பதாகவும், மரம் அவனுக்கு முன்னால் 3 மீட்டர் தூரத்தில் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். பாலத்தின் உத்திரம் 6.6 மீட்டர் உயரம். உண்மையில் 60 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. ஆயினும் நுனியைவிட உத்திரம் உயர்ந்ததென்று அவன் கண்ணுக்குத் தோன்றுவது, நுனி உத்திரத்தை நெருங்கி 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்த பின்னரே. அதுவரையில் கண் "மோதும்" என்றே சொல்லும். எல்லாப் பாலத்திலும் அப்படியே சொல்வதால், பழகிய தோணிக்காரன் கண்ணின் சொல்லைப் பொருட்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்கிறான். உண்மையாகவே மோதப்போகும் நாளிலும் அவன் பொருட்படுத்துவதில்லை. விபத்து அன்றுதான் நேர்கிறது.

பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்க்கிறவனும் ஏமாறுவான். அவனுக்கு மரத்தின் உயரம் குறுகித் தெரியும். "நிறைய இடம் இருக்கிறது, வா" என்று கூவிவிடுவான். அவன் சொல்லையும் நம்பலாகாது.

அளக்கும் உபாயங்கள்

கண் உதவாதென்றால் அளவுதான் உதவவேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.

மரத்தை அளப்பது: பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவின் முனையைக் கட்டி, நுனி வரை ஏற்றி, மறுமுனையைத் தண்ணீர் மட்டத்தில் படிக்கவேண்டும். கப்பி, கொடிக்கழி, விளக்கு ஆகியவற்றை அதன்மேல் கூட்டவேண்டும். தோணி காலியாயிருக்கும்போது அளப்பதே முறை. அதுவே அதிகபட்ச உயரம். நாடா இல்லையேல் நிழலால் அளக்கலாம். கரையில் ஏற்றி நிறுத்திய தோணியின் மரம் சமமான தரையில் 5.2 மீட்டர் நிழல் விழுத்துகிறது. அதே வேளையில் 1 மீட்டர் கோல் 80 சென்டிமீட்டர் நிழல் விழுத்துகிறது. 5.2-ஐ 0.8-ஆல் வகுக்க, தரையிலிருந்து நுனியின் உயரம் 6.5 மீட்டர். தோணி மிதக்கும்போது தண்ணீருக்குள் அமிழும் அளவை இதிலிருந்து கழித்துக்கொள்ளவேண்டும்.

பாலத்தை அளப்பது: பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கல் கட்டிய கயிற்றைத் தண்ணீரைத் தொடும்வரை இறக்கி, நீளத்தை அளந்து, கைப்பிடிச் சுவரின் மேல்முனையிலிருந்து உத்திரத்தின் அடிப்பாகம் வரையுள்ள உயரத்தைக் கழிக்கவேண்டும். உத்திரத்தின் கீழே குடிநீர்க் குழாயோ கம்பியோ தொங்கினால், அதுவே கூரை. மறவாதீர்கள்.

மூங்கில் சோதனை: எல்லாவற்றிலும் நிச்சயமானது இதுவே. மரத்தின் மொத்த உயரத்துக்கு மேல் அரை மீட்டர் கூட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலைப் பரிசலிலோ சிறு படகிலோ நிமிர்த்திப் பிடித்து, தோணி செல்லும் தடத்திலேயே பாலத்தின் கீழே முன்னதாகச் சென்று வரவேண்டும். துணி தட்டாவிடில் தோணியும் தட்டாது. மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் மட்டும் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

அரை மீட்டர் மிச்சம் எதற்கென்றால், அலையில் தோணி எழும். நீர்மட்டத்தை நாம் தவறாகப் படித்திருக்கலாம். காற்றினால் தோணி சாய்ந்தால் நுனி தாழுமே என்று சிலர் வாதிப்பர். 6.35 மீட்டர் மரம் 15 பாகை சாய்ந்தால் சுமார் 20 சென்டிமீட்டர் தாழும் என்பது உண்மையே. ஆனால் பாலத்தின் அருகில் காற்றுத் தடைப்பட்டு, தோணி சட்டென நிமிர்ந்துவிடும். அந்த 20 சென்டிமீட்டரை வரவில் எழுதுவது, வராத கடனை ரொக்கக் கையிருப்பாக எழுதுவதற்கு ஒப்பாகும்.

மோதினால் நேர்வது

மரத்தின் நுனி உத்திரத்தில் தட்டினால் மரம் முறியும். அத்தோடு தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். நுனி பாலத்தில் பிடிபட்டு நிற்க, அடியில் தோணியை நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். மரம் நெம்புகோல்போல் வேலை செய்து தோணியைப் புரட்டப் பார்க்கும். குறுக்கே திரும்பிய தோணி தூணில் மோதும், பாரம் சரியும். ஆகவே நீரோட்டத்தோடு இறங்கிச் செல்லும்போது சந்தேகமான பாலத்துக்கு வெகுமுன்பே பாயை இறக்கி, கரையில் கட்டி, அளந்தபின் செல்லவேண்டும். நீரோட்டத்துக்கு எதிராகச் செல்பவனுக்கு ஆபத்து குறைவு. கழியை எடுத்துவிட்டால் ஆறே அவனைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

மரத்தைச் சாய்ப்பதும் பாலத்தைத் தூக்குவதும்

இடைவெளி போதாவிடில் மூன்றே வழிகள் உண்டு. மரத்தைத் தாழ்த்தலாம், பாலத்தைத் திறக்கலாம், பாலத்தை உயரமாகக் கட்டலாம்.

முதல் வழிக்குப் பேர்போனது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி. அங்கே ஆறுகளில் சரக்கு ஏற்றிய வெரி என்னும் தோணிகளில் பாய்மரத்தின் அடியில் கனத்த பளுவைக் கட்டியிருப்பார்கள். ஏற்றமரத்தின் பின்பாரத்தைப்போல அப்பளு சமன் செய்வதால், சிலரே பெரிய மரத்தைப் படுக்கவைத்துப் பாலத்தைக் கடந்து மீண்டும் நிமிர்த்துவார்கள். அங்கே பாலங்களின் அருகே நிறுத்தியுள்ள அளவுப் பலகைகள், அன்றைய நீர்மட்டத்துக்குரிய இடைவெளியை நேரே காட்டுகின்றன. நீர்மட்டம் ஏற ஏற, பலகையில் தண்ணீர் தொடும் எண் குறைந்துகொண்டே வரும். கணக்குப் போடத் தெரியாதவனும் படித்துக்கொள்ளலாம்.

மற்ற இரு வழிகளையும் நம் நாட்டிலேயே பாம்பன் கால்வாயில் காணலாம். 1914-ல் திறந்த பழைய இரயில் பாலத்தின் நடுக்கண் இரு சிறகுகளாய்ப் பிரிந்து மேல்நோக்கித் திறந்தது. திறந்தபின் நடுவில் கூரை என்பதே இல்லை. 1988-ல் அதன் அருகே உயரமான சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அது அசையாத கூரை. 2025 ஏப்ரல் மாதம் திறந்த புதிய இரயில் பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே 17 மீட்டர் உயரத் தூக்கப்படுகிறது. தூக்கிய பின்பும் அது தலைக்கு மேலேயே நிற்கும். அதன் கீழுள்ள இடைவெளி சுமார் 22 மீட்டர். எனவே "பாலம் திறந்திருக்கிறது" என்ற செய்தி மட்டும் போதாது. எவ்வகையில் திறந்திருக்கிறது, மேலே கூரை உண்டா என்பதும் தெரியவேண்டும்.

கம்பி என்னும் கொடிய பாலம்

பாலத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது மின்சாரக் கம்பி. பாலம் கண்ணுக்குத் தெரியும். கம்பி மாலை வெளிச்சத்தில் தெரியாது. பாலம் மரத்தை முறிக்கும். கம்பி மனிதனைக் கொல்லும். பாலத்தைத் தொட்டால்தான் ஆபத்து. உயர் அழுத்தக் கம்பியைத் தொடவேண்டுமென்பதில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். பாலத்தின் உத்திரம் தாழாது. கம்பியோ வெயிலில் சூடேறித் தொய்யும். கம்பியின் நீளம் விரலளவு கூடினால் நடுவில் தொய்வு அதைப்போலப் பல மடங்கு கூடும். காலையில் இருந்த இடைவெளி உச்சிப்போதில் இராது. இக்காரணங்களால்தான் மேற்படி 2006-ஆம் ஆண்டு விதிகள், நீர்வழியின் குறுக்கே செல்லும் தாழ்ந்த அழுத்தக் கம்பிக்கு 16.5 மீட்டரும், 110 கிலோவோல்ட் வரையுள்ள உயர் அழுத்தக் கம்பிக்கு 19 மீட்டரும் இடைவெளி வேண்டுமென விதித்தன.

இனி நமது ஊருக்கு வருவோம். தரையில் விதி வேறு. சாலையின் குறுக்கே செல்லும் தாழ்ந்த அழுத்தக் கம்பி குறைந்தது 5.8 மீட்டரும், உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டரும் உயரத்தில் இருக்கவேண்டும். சாலையல்லாத வயல்வெளியிலோ 11 கிலோவோல்ட் வரையுள்ள வெற்றுக் கம்பி 4.6 மீட்டரில் இருந்தாலே விதிக்குப் போதும். வைக்கோலை உயரக் குவித்த லாரி அந்த உயரத்தை எளிதில் எட்டிவிடும். சாலையில் தப்பிய பாரம் களத்துமேட்டிலிருந்து புறப்படும்போதே தீப்பற்றுவது இதனால்தான். கம்பம் சாய்ந்தோ, வண்டித் தடத்தில் மண் கொட்டி மேடாக்கியோ இருந்தால், விதித்த அளவும் மிஞ்சாது. தண்ணீர் ஏறினால் இடைவெளி குறைவதுபோல, தடம் மேடானாலும் குறையும்.

இவ்வாறே தென்னந்தோப்பில் அலுமினியத் துரட்டியை நிமிர்த்துகிறவனும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இரும்புக் குழாயை உருவுகிறவனும் தம்மையறியாமல் பாய்மரத்தை நிமிர்த்துகிறவர்களே. மேலே பாராமல் நிமிர்த்தினால் கணக்குப் பார்க்க இரண்டாம் முறை கிடைக்காது.

ஆற்றின் மேலுள்ள பாலத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். அமராவதி அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் நாட்களில் உத்திரத்துக்கும் வெள்ளத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. அடித்து வரும் மரம் அதில் சிக்கிக்கொண்டால் தண்ணீர் தேங்கிக் கரையை அறுக்கும். பாலத்தின் தூணில் மீட்டர் அளவைக் கோடிட்டு வைத்தால் ஊரார் நின்ற இடத்திலிருந்தே நிலைமையை அறியலாம்.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளவேண்டியவை

1. இடைவெளியை எப்போதும் அன்றைய மட்டத்திலிருந்து கணக்கிடுக. நேற்றைய அளவு நேற்றைக்கே செல்லும்.

2. பாரத்தின் மிக உயர்ந்த புள்ளியை அளந்தறிக. கொடி, கயிறு, கழி யாவும் அதில் சேரும். ஏற்றிய பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்து வருவதை அறவே ஒழிக்க.

3. போனவழியே திரும்புவதாயினும் மறுபடி அளந்து பார்க்க.

4. களத்திலிருந்து சாலை வரையுள்ள தடத்தில் எந்தெந்த இடத்தில் கம்பி குறுக்கிடுகிறதென்று, அறுவடைக்கு முன்பே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்க. கம்பியின் உயரத்தைக் கழி நீட்டி ஒருபோதும் அளக்கலாகாது. தாழ்ந்து தொங்கினால் மின்வாரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, அதன் நகலைச் சங்கத்தில் வைக்க.

5. பாரம் கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இருத்தல்வேண்டும். மற்றவர் எவரும் வண்டியை நெருங்கவோ தொடவோ கூடாது. மின்சாரத்தை நிறுத்தியபின்பே இறங்கலாம். தீப்பற்றியதால் இறங்கியே ஆகவேண்டுமாயின், வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே விலகிச் செல்க.

சங்கத்தில் கடன் வாங்கிய ஒருவர் பாரத்தையோ வண்டியையோ இழந்தால், பொருள் போய்விடும், கடன் நிற்கும். தவணை தவறும் சுமை அவர் குடும்பத்தின்மேல் மட்டுமன்றி, ஜாமீன் நின்ற அண்டை வீட்டுக்காரர்மேலும் விழும். ஒரு சாண் இடைவெளியை அளக்காமல் விட்டதன் விலை இதுவே. ஆகையால் அறுவடைக்கு முந்தைய சங்கக் கூட்டத்தில் இக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டி, தடம் பார்க்க இருவரை நியமித்துத் தீர்மானம் எழுதிவைப்பது நலம். அளவு நாடா ஒன்றைச் சங்கத்தின் செலவிலேயே வாங்கிவைக்கலாம். அதை வாங்கும் செலவு அற்பம். அது காக்கும் பொருளோ பெரிது.